பாலத்துக்கு அந்தப் பக்கம் கிஜுன் அம்மா

சனிக்கிழமைகளில் கணவருக்குப் பகல் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, யோன்சிம் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு பேருந்து ஏறுவாள். கூடையில் சோப்பு, சீப்பு, துண்டு, அழுக்குத் தேய்க்கும் முரட்டுப் பச்சைத் துணி. தீவை விட்டுப் பாலம் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இறங்கி ஒரு சந்துக்குள் நடந்தால் அந்தப் பொதுக் குளியல்கூடம் வரும்.

அவள் வீட்டுக்குக் கீழேயே ஒரு குளியல்கூடம் இருக்கிறது. அதன் புகைபோக்கி அவள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் குளித்தாள். மகன் கிஜுனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனதும் அங்கேதான். இவ்வளவு வளர்ந்த ஆண் பிள்ளையைப் பெண்கள் பக்கம் விட மாட்டேன் என்று கல்லாவில் இருந்தவள் சண்டை போட்டதும் அங்கேதான்.

"கீழ ஒண்ணு இருக்கறப்ப பாலம் தாண்டிப் போறியே," என்று அவள் கணவர் சாங்மோ ஒருமுறை கேட்டார்.

"அங்க தண்ணி நல்லாருக்கு."

"இந்தப் பூசான் ஊர்ல எல்லாத் தண்ணியும் ஒரே ஆத்துலேருந்துதான் வருது."

"நீங்க வந்து குளிச்சுப் பாத்தீங்களா?"

அவர் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

தீவில் அவளை முப்பது வருஷமாகக் கிஜுன் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். யோன்சிம் என்ற பெயர் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும்தான் இருந்தது. கிஜுன் போன பிறகு அப்படிக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை. மீன் மாவைத் தட்டி எண்ணெயில் பொரிக்கும் பட்டறையில் அவளோடு நிற்கிறவர்கள், "கி..." என்று வாயைத் திறந்து, "இந்தாங்கக்கா" என்று முடித்தார்கள். காய்கறிக்காரி "வாங்க" என்பதோடு விட்டாள். பட்டறையில் கல்யாணப் பத்திரிகை கைமாறி வரும்போது அவள் மேசையைத் தாண்டிப் போயிற்று. தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், அவள் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததும் மீன் விலையைப் பேசினார்கள். எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

கிஜுன் சுவோன் நகரத்தில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இலையுதிர்காலத்தில் ஒருநாள் வேலைக்கு வரவில்லை என்று ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். படுக்கையில் இருந்தான். தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். குடித்திருக்கவில்லை. வண்டி மோதவில்லை. யாரும் எதுவும் செய்துவிடவில்லை. கோபப்படுவதற்கு ஓர் ஆள்கூட இல்லாத சாவு.

பெற்றவர்களுக்கு முந்திப் போன, கல்யாணமாகாத பிள்ளைக்குத் திதி வைப்பதில்லை என்று சாங்மோவின் அண்ணன் சொன்னார். சாம்பலைப் படகில் எடுத்துப்போய்க் கடலில் விட்டார்கள். பெற்றவள் படகில் ஏறக் கூடாது என்று அவளைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே அவளுக்குப் படைப்பதற்கு ஒரு நாளும் இல்லாமல் போயிற்று, போய் உட்காருவதற்கு ஓர் இடமும் இல்லாமல் போயிற்று.

சாங்மோ கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டிவி இருந்தது. கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடும் ஆட்டத்துக்கென்றே ஒரு சேனல். சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இரண்டு பேர் மணிக்கணக்காகப் பலகையைக் குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் ஒரு காயை வைப்பார். சாங்மோ பெருமூச்சு விடுவார்.

யோன்சிமுக்கு அதுவும் இல்லை. நெஞ்சுக்குள் ஒரு நெருப்புக்கட்டி தொண்டைவரை ஏறிவந்து மறுபடி இறங்கும். இரவில் எழுந்து கழுவின பாத்திரத்தையே கழுவுவாள். மார்பைக் கைமுஷ்டியால் குத்திக்கொள்வாள். உள்ளேயே அமுக்கி வைப்பதால் வருகிற நோய் இது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். யாரிடமாவது மனசு விட்டுப் பேசுங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

தோள்வலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு குளிர்கால நாளில், திரும்பும்போது சில்லென்று மழை பிடித்துக்கொண்டது. சந்துக்குள் குளியல்கூடத்துப் புகைபோக்கி தெரிந்தது. ஒதுங்குவதற்காகத்தான் உள்ளே போனாள். ஆனது ஆகட்டும் என்று குளிக்கவும் செய்தாள். முதுகு எட்டவில்லை. தோளைத் தூக்க முடியவில்லை. ஓரத்தில் இளஞ்சிவப்பு ரெக்சின் கட்டிலருகே கறுப்பு உள்ளாடையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். காசு வாங்கிக்கொண்டு அழுக்குத் தேய்த்துவிடுகிறவள். போக்சில் என்று பெயர். சோல்லா பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். யோன்சிமைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். புயங்கள் மட்டும் ஆண்பிள்ளையுடையவை.

"புதுசா இருக்கீங்களே. எப்படிக் கூப்பிடணும்?"

யோன்சிம் குப்புறப் படுத்திருந்தாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "கிஜுன் அம்மா."

"கிஜுன் என்ன பண்றான்?"

"சுவோன்ல இருக்கான். கம்பெனில."

"சாப்பாடு?"

"அவனே பொங்கிக்கறான். ஒழுங்கா சாப்பிடறதில்ல."

"எந்தப் பய ஒழுங்கா சாப்பிடறான். என் பையன் பாக்கெட் நூடுல்ஸ்லயே உசிரை வச்சிட்டிருக்கான். என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"கல்யாண வயசு," என்று சொல்லிவிட்டு போக்சில் அவள் முதுகில் படார் படார் என்று இரண்டு தட்டு தட்டினாள். திரும்பிப் படுக்கச் சொல்லும் தட்டு.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. பேச்சை மீன் விலைக்கு மாற்றவில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, குழந்தைகள் வழுக்கி விழுந்து அழுதன, ஒருத்தி தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் கிஜுன் சுவோனில் ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தான். அன்று இரவு யோன்சிம் இடையில் எழுந்திருக்காமல் தூங்கினாள்.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். பிறகு எல்லாச் சனிக்கிழமையும்.

போகும்போது பேருந்தில் ஏதாவது ஒன்று யோசித்துக்கொள்வாள். பெரிதாக எதுவும் இல்லை. அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்து தர மாட்டேன் என்கிறார். புது செருப்பு காலைக் கடிக்கிறது. சிகரெட்டை விடுகிறேன் என்று சொல்லி ஒரு வாரம் இருந்துவிட்டு மறுபடி பிடித்துவிட்டான். பதவி உயர்வு மட்டும் ஒருநாளும் கொடுக்கவில்லை. கண்பட்டுவிடும் என்று பயமாக இருந்தது. இனிமேல் யார் கண் பட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கொடுக்கவில்லை.

வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவனுக்கு வைத்தியம் சொன்னார்கள். வீட்டுக்காரரை எப்படி மடக்குவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பியூட்டி பார்லர் நடத்தும் ஹக்சுன் என்ற கிழவி, எழுபது வயதிலும் உதட்டுச்சாயம் கலையாமல் தொட்டிக்குள் இறங்குகிறவள், செருப்புக்குள் ஈரக் காகிதத்தைத் திணித்து வைக்கச் சொன்னாள். போக்சில் ஒருமுறை டப்பா நிறைய, காரம் போட்டு ஊறவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி கொண்டுவந்து கொடுத்தாள். "உங்களுக்கில்ல, கிஜுனுக்கு. பார்சல் போட்டுடுங்க." யோன்சிம் அதை மடியில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி வந்தாள். வீட்டில் அவளும் சாங்மோவும் அதை மூன்று வாரம் வைத்துச் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறதே, யார் போட்டது என்று சாங்மோ கேட்டார். குளியல்கூடத்துப் பெண் என்றாள். அப்புறம் டப்பா காலியாகிற நேரத்துக்கு இன்னொரு டப்பா வந்துகொண்டிருந்தது.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. நெருப்புக்கட்டி போய்விடவில்லை. ஆனால் சனிக்கிழமை வரும்வரை பொறுத்துக்கொண்டது.

புத்தாண்டுப் பண்டிகை முடிந்த சனிக்கிழமை தொட்டி நிறைய ஆட்கள்.

"என்ன கிஜுன் அம்மா, பையன் வந்தானா?" என்றாள் ஹக்சுன்.

"வந்தான். ஒரு ராத்திரிதான் இருந்தான். ரயில்ல இடம் கிடைக்கல."

"பண்டிகை சூப் குடிச்சானா?"

"ரெண்டு கிண்ணம் குடிச்சான்."

போக்சில் கட்டிலருகே நின்று யாருக்கோ முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இப்ப என்ன வயசு ஆச்சு அவனுக்கு?"

"முப்பத்தொண்ணு," என்றாள் யோன்சிம்.

ஹக்சுன் தண்ணீருக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். "எந்த வருஷத்துப் பிள்ளை?"

"சேவல் வருஷம்." பன்னிரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு பிராணிகளின் பெயர்; அதைச் சொன்னால் வயதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

"சேவலா? என் மூணாவது மருமகளும் சேவல்தான். அவளுக்கு முப்பத்திமூணு ஆச்சே."

யோன்சிமுக்குத் தொட்டியின் சூடு காதுவரை ஏறிற்று. "நான் அரசாங்கக் கணக்குல சொன்னேன்க்கா."

இரண்டு கோடைக்கு முன்னால் அரசாங்கம் சட்டம் போட்டு எல்லாருடைய வயதையும் குறைத்திருந்தது. பிறந்தவுடனே ஒரு வயது என்று எண்ணி, புத்தாண்டுக்குப் புத்தாண்டு சூப் குடித்து வயதை ஏற்றிக்கொள்கிறவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அரசாங்கக் கணக்கைப் போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு," என்றாள் ஹக்சுன். "தொட்டிக்குள்ள அது செல்லாது. இங்க துணியும் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது."

"சரி, அரசாங்கக் கணக்குன்னே வச்சுக்குவோம்," என்றாள் போக்சில். "போன வருஷமும் முப்பத்தொண்ணுன்னுதான் சொன்னீங்க. முதமுதல்ல மழையில நனைஞ்சுட்டு வந்தப்பவும் முப்பத்தொண்ணு. உங்க வீட்டு சூப்புல என்ன போடறீங்க, பையனுக்கு வயசே ஏற மாட்டேங்குது?"

"அடி கள்ளி," என்று ஹக்சுன் தண்ணீரைத் தட்டினாள். "பொண்ணு வீட்டுக்காரங்களுக்காக வயசைக் குறைச்சுச் சொல்றா. போக்சில் அழுக்கைத் தேய்ச்சு எடுக்கறா, இவ வயசைத் தேய்ச்சு எடுக்கறா. பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியாதவ மாதிரி உக்காந்திருக்கா பாரு."

தொட்டியே சிரித்தது. யோன்சிமும் சிரித்தாள். வெந்நீரில் எல்லார் முகமும் சிவந்திருந்ததால் அவளுடையது தனியாகத் தெரியவில்லை.

சளியை யோசித்திருந்தாள், செருப்பை யோசித்திருந்தாள், ரயிலில் இடம் கிடைக்காமல் போனதைக்கூட யோசித்திருந்தாள். அவனுக்கு வயதை ஏற்ற வேண்டும் என்பது மட்டும் இரண்டு புத்தாண்டிலும் அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் முறை வந்து கட்டிலில் குப்புறப் படுத்தபோது போக்சில் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"வயசை மறைக்கறீங்கன்னா பொண்ணு தேடறீங்கன்னு அர்த்தம். எங்கண்ணன் பொண்ணு ஒருத்தி சுவோன்லயே இருக்கா. பல்லாஸ்பத்திரியில நர்ஸ். ஆயோங்னு பேரு. மாட்டு வருஷம். சேவலுக்கும் மாட்டுக்கும் நல்லா ஒத்துப்போகும். ரெண்டு பேரும் ஒரே ஊர்ல தனித்தனியா நூடுல்ஸ் தின்னுட்டுக் கிடக்கறதுக்கு..."

"அவனுக்கு இப்ப நேரம் எங்க இருக்கு."

"நேரம் பாத்தா யாருக்குத்தான் கல்யாணம் நடக்கும். சரி, பிறந்த நேரத்தையாவது சொல்லுங்க. பொருத்தம் பாக்கறதுல என்ன கெட்டுப்போச்சு. எப்ப பொறந்தான்?"

யோன்சிம் கண்ணை மூடியிருந்தாள். முதுகில் பச்சைத் துணி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவன் எப்படிச் செத்தான் என்று இத்தனை நாளில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எப்போது பிறந்தான் என்று யாரும் கேட்டதில்லை.

"பத்தாம் மாசம், பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள்," என்றாள். "விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வலி எடுத்தப்ப வாடகைக் கார் கிடைக்கல. மீன் ஏத்தப் போற வண்டியில முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாரு எங்க வீட்டுக்காரரு. பாலத்து மேல வண்டி நின்னுபோச்சு. அவரு கீழ எறங்கித் தள்றாரு, டிரைவர் என்னைப் பாத்து, அம்மா கொஞ்சம் பொறுத்துக்கங்க, இது மீன் வண்டிங்கறான். அவன் வெளிய வந்ததும் நர்சு என்ன சொன்னாங்க தெரியுமா, இந்தப் பிள்ளை மேல மீன் வாசனை அடிக்குதுன்னாங்க."

போக்சில் வயிறு குலுங்கச் சிரித்தாள். "போதும். ஜோசியருக்கு இது போதும். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. போய் ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துட்டு வர்றேன்."

இரண்டு தட்டு. யோன்சிம் திரும்பிப் படுத்தாள்.

பேருந்து பாலத்தின்மேல் ஏறியபோதுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது.

அவள் பிறந்தது தெற்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில். சிறு பெண்ணாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் கடலில் மூழ்கிப் போய்விட்டான். கல்யாணமாகாத ஆவி அடங்காது என்று, வைக்கோலில் ஒரு மணப்பெண் கட்டி அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே நிஜமான ஒரு பெண்ணோடு அவனுக்குப் பொருத்தம் பார்த்திருந்தார்கள். அதற்குமேல் அந்தப் பெண்ணைக் கேட்டு யாரும் வரவில்லை. அவள் தலைமேல் செத்தவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் பேசிற்று. அவள் குடத்தோடு வந்தால் மற்ற பெண்கள் கிணற்றடியை விட்டு விலகி நின்றார்கள். கடைசியில் அவள் எங்கேயோ மில் வேலைக்குப் போய்விட்டாள்.

யோன்சிம் அதையெல்லாம் நம்புகிறவளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் சுவோனில் ஆயோங் என்று ஒருத்தி இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அவளுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

ஞாயிறு முழுக்க யோசித்தாள். கடைசியில் வழி ஒன்று அகப்பட்டது, மிகச் சாதாரணமான வழி. கிஜுன் தானாகவே ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட வேண்டியதுதான். அந்தப் பெண்ணும் தப்பித்துக்கொள்வாள், சனிக்கிழமையும் தப்பித்துக்கொள்ளும். திங்கட்கிழமை பட்டறையில் தோள்வலி என்று சொல்லிவிட்டுப் பாலம் தாண்டினாள்.

குளியல்கூடத்தில் கூட்டம் இல்லை. போக்சில் கட்டிலுக்குக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். உடுப்பைக் கழற்றாமல் வாசலில் நின்ற யோன்சிமைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன, திங்கக்கிழமை? அதுக்குள்ள அழுக்குச் சேந்துடுச்சா?"

"போக்சில், அந்தப் பொருத்தம் பாக்கற விஷயம். வேண்டாம். அவனே ஒருத்தியைப் பாத்து வச்சிருக்கானாம். நேத்துதான் சொன்னான்."

போக்சில் வாளியைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை இல்லாத பொண்ணு நேத்து எங்கேருந்து வந்தா?"

"போன்ல சொன்னான்."

"ம்." துணியைப் பிழிந்தாள். "நேரடியாச் சொல்லிடுங்க கிஜுன் அம்மா. தேய்க்கிறவ வீட்டுப் பொண்ணுன்னுதானே யோசிக்கறீங்க?"

"ஐயோ, அப்படி இல்ல."

"என் முன்னால படுத்து முதுகைக் குடுப்பீங்க. என் கிம்ச்சியைத் தின்பீங்க. சம்பந்தம்னு வந்தா மட்டும் என் கை அழுக்கு. இல்லையா?" குரல் உயரவில்லை. ஆனால் மரியாதை போய்விட்டது. "நான் செவ்வாய்க்கிழமை வரைக்கும்கூட பொறுக்கல, தெரியுமா? நேத்தே வேலை முடிஞ்சு ஜோசியர்ட்ட ஓடினேன். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. தங்கமான பொருத்தம்னாரு. பையன் எண்பது வயசு வரைக்கும் இருப்பான்னாரு. எங்கண்ணிக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு போட்டோ கேக்குது. இப்ப வந்து நீ..."

பேசாமல் தலையாட்டிவிட்டு வெளியே போயிருக்கலாம். ஆமாம், அழுக்குக் கை என்றுதான் யோசித்தேன் என்று சொல்லியிருந்தால்கூட போக்சில் திட்டுவாள், அதோடு முடிந்துபோகும். கிஜுன் சுவோனில் இருந்துகொண்டிருப்பான். யோன்சிம் அதையும் நினைத்துப் பார்த்தாள். போக்சிலின் கைகளைப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, ரேகை தேய்ந்துபோன கைகள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று என்கிறாள்.

"என் பையன் இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

"கிஜுன் இல்ல. உயிரோட இல்ல. நான் முதல்ல இங்க வந்தப்பவே இல்ல."

போக்சிலின் முகம் மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. துக்கமில்லை. பயம்.

"ஆயோங்கை அவனோட..." என்றாள்.

"அதுக்குத்தான் வந்தேன். ஜோசியர்ட்ட சொல்லி எடுத்துடு. கழிக்கறதுக்கு ஏதாச்சும் செய்வாங்க. செய்யச் சொல்லு."

நீராவி அறை வாசலில், உடம்பில் தேய்ப்பதற்காக வைத்திருந்த உப்பு மூட்டை இருந்தது. போக்சில் கை நிறைய அள்ளி வீசினாள். வாசலில் வீசினாள், தன் தோளில் போட்டுக்கொண்டாள், யோன்சிமின் காலடியில் எறிந்தாள். முகத்தில் எறியவில்லை. கல்லுப்பு ஓட்டுத்தரையில் சலசலவென்று சிதறிற்று. யோன்சிம் நகரவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்ட கெட்டதை விரட்டுவதற்கு எறிகிற உப்பு. அவளும் எறிந்திருப்பாள்.

உப்பு தீர்ந்ததும் போக்சில் ஈரக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முள்ளங்கிக் கிம்ச்சி குடுத்தனுப்பினேனே," என்றாள். "அத்தனை டப்பா. யாரு தின்னா?"

"நாங்கதான். நல்லாருந்துச்சு."

"செருப்புக் கடிச்சதுன்னியே."

யோன்சிம் சிதறின உப்பின்மேல் நடந்து கிளம்பிவிட்டாள்.

வீட்டில் காலணியைக் கழற்றியபோது உப்புக்கற்கள் கொட்டின. சாங்மோ டிவியிலிருந்து தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். திங்கட்கிழமை பகலில் கூடையில்லாமல் வந்து நிற்கிற மனைவியையும் பார்த்தார். திரையில் ஒருவர் ஒரு வெள்ளைக் காயை விரல் நுனியில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"அங்க தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரிடம் அவள் ஒருநாளும் எதையும் சொன்னதில்லை.

"அப்ப இனிமே அந்த முள்ளங்கிக் கிம்ச்சி வராது," என்றார் சாங்மோ. துடைப்பத்தை எடுத்துவந்து, உப்பைக் கூட்டி அள்ளி, கழிப்பறைக்குள் கொட்டித் தண்ணீர் விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. கீழேயிருக்கும் குளியல்கூடத்துக்கு ஒருநாள் போனாள். கல்லாவில் இருந்தவள் "வாங்க" என்று சொல்லிக் காசு வாங்காமல் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், தேவைக்கு மேல். தொட்டியில் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இரவில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். பட்டறையில் எண்ணெய்ச் சட்டியருகே நிற்கும்போது நெருப்புக்கட்டி வந்து, மீன் வில்லைகளைப் புரட்டாமல் அப்படியே நின்றாள். கருகின வாசனை வந்த பிறகுதான் மேற்பார்வைக்காரி ஓடிவந்தாள். அவளும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மலைச்சரிவில் மஞ்சள் பூ பூத்த சமயத்தில் ஒரு சனிக்கிழமை, கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி பாலம் தாண்டினாள். அங்கேயே விட்டுவைத்திருந்த தன் சின்ன ஸ்டூலையும் பிளாஸ்டிக் பேசினையும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள், அல்லது அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பேருந்தில் எதையும் யோசித்துக்கொள்ளவில்லை. பாலம் முடியும் இடத்தில் வழக்கமாக ஏதாவது தோன்றும். அன்று கடல்தான் தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் தொட்டியில் பேச்சு அடங்கிற்று. ஹக்சுன் உதட்டுச்சாயத்தோடு அவளைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "இப்படி வந்து உக்காரு," என்று தன் பக்கத்தில் இடம் விட்டாள். கிஜுன் அம்மா என்று சொல்லவில்லை. யாரோ ஒருத்தி முட்டைக்கோஸ் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஆக, இங்கேயும் வந்துவிட்டது. பாலம் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை.

போக்சில் முதுகைக் காட்டி நின்று ஒரு இளவயதுக்காரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்பு பார்க்காத முகம், புதிதாகக் குடிவந்தவளாக இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை. ஜோசியர் என்ன சொன்னார், கழிப்பதற்கு என்ன செய்தார்கள், அண்ணியிடம் எப்படிச் சொன்னாள், எதுவும் யோன்சிமுக்குத் தெரியாது. கேட்பதற்கு அவளுக்கு உரிமையும் இல்லை. ஸ்டூலையும் பேசினையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

"ஏதோ சாமான் எடுத்துட்டு நிக்கறாங்களே, அவங்க யாரு?" என்று அந்தப் புதுப் பெண் படுத்தபடியே கேட்டது எல்லாருக்கும் கேட்டது. நீராவிக்குள் எதுவும் மெதுவாக ஒலிக்காது.

போக்சிலின் கை நின்றது.

"கிஜுன் அம்மா," என்றாள். "தீவுலேருந்து வர்றவங்க."

"பையன் பெரியவனா?"

ஹக்சுன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு," என்றாள் போக்சில். அந்தப் பெண்ணின் தோளில் இரண்டு தட்டு தட்டி, தண்ணீரை ஊற்றி எழுப்பிவிட்டாள். கட்டிலுக்கும் ஒரு வாளி ஊற்றினாள். யோன்சிமின் பக்கம் பார்க்காமலே, முறை வந்தவர்களைக் கூப்பிடும் குரலில் சொன்னாள். "கிஜுன் அம்மா, வந்து படுங்க. தோளு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு," என்றாள் யோன்சிம்.

பேசினைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குப்புறப் படுத்தாள். ரெக்சின் சூடாக இருந்தது. பச்சைத் துணி முதுகில் ஏறி இறங்கிற்று, வழக்கத்தைவிட அழுத்தமாக, வலிக்கிற அளவுக்கு. இரண்டு மாத அழுக்கு. தொட்டிப் பக்கம் யாரோ தன் மருமகளைப் பற்றி மறுபடி தொடங்கினாள்.

படார் படார் என்று இரண்டு தட்டு விழுந்தது. யோன்சிம் திரும்பிப் படுத்தாள்.